அறிகுறியிலிருந்து பழுதைத் தேடுதல்: 1969 செவ்ரோலெட் செவெலுக்கான வழிமுறை

1964இல் பான்டியாக் நிறுவனம் தன் நடுத்தர டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி ஜிடிஓ என்று பெயரிட்டு விற்றதையே மசில் கார்களின் (நடுத்தரக் காரில் பெரிய, வலுமிக்க எஞ்சின் வைத்தவை) தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 1969ஆம் ஆண்டுச் செவெல் ஒன்றை, 350 கன அங்குல வி8 எஞ்சினும் ரோசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரும் பாயின்ட் வகை டிஸ்ட்ரிபியூட்டரும் (சிறு உலோக முனைகள் திறந்து மூடுவதால் எழும் தீப்பொறி மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பகிரும் பகுதி) கொண்டதை, வீட்டுக் கராஜிலேயே பழுது பார்த்து ஓட்டுபவருக்காக இதை எழுதுகிறேன். 396 எஞ்சின் இல்லாத செவெலை மசில் கார் என்று ஒப்பாதவர்கள் உண்டு. அவர்களோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. பழுது இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வருகிறது.

இந்தக் காரில் கணினி கிடையாது. பழுதுக் குறியீட்டைத் திரையில் காட்டும் கருவியும் பயன்படாது. ஆனால் எந்தச் சூழலில் கோளாறு தோன்றுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா, ஐட்லிங்கிலா, நெடுஞ்சாலை வேகத்திலா, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போதா, முழுக்க மிதிக்கும்போதா என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி, மாற்றியதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். தேவையான கருவிகள் அதிகமில்லை: மல்டிமீட்டர், டைமிங் லைட் (தீப்பொறி விழும் தருணமான டைமிங்கைக் காட்டுவது), டுவெல் மீட்டர் (பாயின்ட் முனைகள் மூடியிருக்கும் கோணமான டுவெலை அளப்பது), வேக்குவம் கேஜ், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் தகடுகள்) ஆகியவை போதும். இவற்றின் மொத்த விலை, தேவையில்லாமல் வாங்கும் ஒரு புதிய கார்புரேட்டரின் விலையைவிடக் குறைவு.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலவில்லை

எந்த ஒலியும் இல்லையென்றால், ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட காரில் லீவரை நியூட்ரலில் வைத்து மறுபடி முயல வேண்டும். அப்போது சுழன்றால் கோளாறு நியூட்ரல் சேஃப்டி சுவிட்சில் இருக்கிறது. ‘டக்’ என்று ஒரு ஒலி மட்டும் கேட்டால் முதலில் பேட்டரியை அளக்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் இருப்பது முழுச் சார்ஜ்; ஸ்டார்ட்டர் சுழலும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பினால் கேபிள்களைச் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் பெரிய திருகிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த அளவு மின்னழுத்தம் வழியிலேயே வீணாகிறது என்று பொருள். எர்த் பக்கத்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே பளபளப்பாகத் தெரியும் கேபிளுக்குள்ளே பச்சை படிந்து அரித்திருப்பதை ஐம்பது ஆண்டு வயதுள்ள காரில் சாதாரணமாகக் காணலாம்.

நீண்ட தூரம் ஓட்டிவிட்டு, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் மட்டும் சுழல மறுத்து, அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் சுழன்றால், அது சூட்டினால் வருவது. இந்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டியே இருக்கிறது. ஸ்டார்ட்டரை இயக்கும் மின்காந்தச் சுவிட்சான சொலினாய்டின் தாமிரச் சுருளுக்குச் சூட்டில் மின்தடை கூடுவதால் அதன் இழுவிசை குறைகிறது. பலர் நேராகப் புதிய ஸ்டார்ட்டர் வாங்கிவிடுகிறார்கள். கேபிள்களைப் புதுப்பித்து, இடையில் ஒரு வெப்பத் தடுப்புத் தகட்டைப் பொருத்தி, அதற்குப் பிறகும் மறுத்தால் மட்டும் கியர் ரிடக்ஷன் வகைச் சிறிய ஸ்டார்ட்டருக்குப் போகலாம்.

சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை

இங்கே கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா. எஞ்சினை நிறுத்திய நிலையில் ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி திராட்டிலைக் கையால் திறந்தால் முன்பக்கத்து இரு துளைகளிலும் பெட்ரோல் தாரையாகப் பீச்ச வேண்டும். பீச்சினால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் ஒருபோதும் முகத்தை அதன் மேலே கொண்டுபோகக் கூடாது. பின்வாங்கி வெடிக்கும் தீ கண்ணிமைகளோடு நிற்காது.

தீப்பொறியைப் பார்க்க, ஒரு பிளக் வயரைக் கழற்றி, ஸ்பார்க் டெஸ்டரில் செருகி, அதை எஞ்சினில் எர்த் செய்து சுழற்றிப் பார்க்கலாம். நீலமாகவும் சத்தத்தோடும் விழுந்தால் நல்லது. மஞ்சளாகவும் மெலிந்தும் இருந்தால் கன்டென்சரையும் பாயின்ட்டையும் பார்க்க வேண்டும்.

பாயின்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் பழுது பார்ப்பவர் தவறாகக் கார்புரேட்டர் மேல் போடும் பழிகளில் பெரும்பகுதி இந்தச் சிறிய உலோக முனைகளுக்கு உரியது. புதிய பாயின்ட்டுக்கு இடைவெளி 0.019 அங்குலம், பழகியதற்கு 0.016. இந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மேலே தள்ளித் திறக்கும் சிறு உலோகச் சன்னல் ஒன்று உண்டு. டுவெல் மீட்டரை இணைத்து, எஞ்சின் ஓடும்போதே அந்தச் சன்னல் வழியாக 1/8 அங்குல ஆலன் கீயை விட்டுத் திருகி 30 டிகிரிக்குக் கொண்டுவரலாம். மீட்டர் இல்லையென்றால் எஞ்சின் தடுமாறத் தொடங்கும்வரை வலஞ்சுழியாகத் திருகி, பிறகு அரைச் சுற்று திரும்ப வைத்தால் ஏறத்தாழ அதே இடம் வந்துவிடும். டுவெலைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். பாயின்ட்டின் தேய்ப்புக் கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் தானாகவே பின்தங்குகிறது என்பதால், வரிசையை மாற்றினால் இரண்டு முறை வேலை செய்ய நேரும். முனைகளில் ஒன்று குழிந்து மற்றதில் மேடு எழும்பியிருந்தால் கன்டென்சரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்வரை எஞ்சின் பற்றி, விட்டவுடன் அணைந்தால் அது இந்த வகைப் பழைய கார்களுக்கு உரிய அறிகுறி. ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் ஸ்டார்ட்டர் சொலினாய்டின் ‘ஆர்’ முனையிலிருந்து காயிலுக்கு (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) பேட்டரியின் முழு மின்னழுத்தமும் போகிறது. சாவியை விட்டதும் மின்தடை வயர் ஒன்றின் வழியாகக் குறைந்த மின்னழுத்தம் போகிறது. அந்த மின்தடை வயரோ இக்னிஷன் சுவிட்சோ அறுந்திருந்தால்தான் இப்படி நடக்கும். சாவி ஆன் நிலையில், பாயின்ட் முனைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கையில் காயிலின் பாசிட்டிவ் முனையில் 5 முதல் 8 வோல்ட் இருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் பழுதின் இடம் கிடைத்துவிட்டது. 12 வோல்ட் முழுவதும் இருந்தால் முன்பு யாரோ மின்தடை வயரை நீக்கியிருக்கிறார்கள், பாயின்ட் அடிக்கடி எரிவதற்கு அதுவே காரணம்.

சில நாள் நிறுத்திய கார் நெடுநேரம் சுழன்ற பிறகே பற்றினால் கார்புரேட்டர் கிண்ணம் காலியாகியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து மட்டும் இப்படியென்றால் கவலை வேண்டாம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் எளிதில் ஆவியாகிவிடுகிறது. ஒவ்வொரு காலையும் இப்படியென்றால் குவாட்ராஜெட்டின் அடிப்பக்கத்திலுள்ள அடைப்பான்கள் கசிகின்றன. கார்புரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பி, காற்றோட்டமுள்ள இடத்தில் தீயிலிருந்து விலக்கிச் செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்தால் ஈரம் எங்கே என்று தாளே காட்டும். பெட்ரோல் தாங்கும் எப்பாக்சியை அடைப்பான்கள் மேல் பூசி உலரவிடுவது நிலையான தீர்வு.

ஐட்லிங்கில் நடுக்கம்

பிளக் வயர்களை யாராவது கழற்றி மாட்டிய பின் தொடங்கிய நடுக்கம் என்றால் வரிசையைச் சரிபார்க்க வேண்டும். எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ரோட்டார் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும். ஓட்டுநர் பக்கம் (அமெரிக்கக் காரில் இடப்பக்கம்) முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7, எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. இவற்றில் 5ம் 7ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள். அடுத்தடுத்து எரிபவையும் அவையே. அவற்றின் வயர்களை நெடுந்தூரம் ஒட்டி இணையாக விட்டால் ஒன்றின் மின்துடிப்பு மற்றதில் தூண்டப்பட்டு 7ஆம் சிலிண்டர் முன்கூட்டியே எரியக்கூடும். அவற்றைப் பிரித்தோ குறுக்காகவோ கொண்டுபோக வேண்டும்.

நடுக்கம் ஒழுங்கான தாளத்தில் இருந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. காப்பிட்ட இடுக்கியால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி எர்த் செய்து பார்க்கும்போது, எதைக் கழற்றினால் எஞ்சின் வேகம் குறையவில்லையோ அதுவே குற்றவாளி. தாளமின்றி அலைந்தால் வேக்குவம் கசிவைத் தேட வேண்டும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்ப்பது பாதுகாப்பான முறை. பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய ஹோஸும் பிசிவி வால்வின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிக்க அனுப்பும் வால்வு) ஹோஸும் பெரும்பாலும் வெடித்திருக்கும்.

மிதித்தால் திணறல்

நின்ற நிலையிலிருந்து சட்டென மிதிக்கும்போது ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகு பாய்ந்தால், மேலே சொன்ன தாரைச் சோதனையைச் செய்ய வேண்டும். தாரை தாமதித்தோ மெலிந்தோ வந்தால் ஆக்சிலரேட்டர் பம்பின் கிண்ண வடிவச் சீல் காய்ந்திருக்கிறது. எத்தனாலைத் தாங்கும் வகையில் புதியது கிடைக்கிறது.

தாரை நன்றாக இருந்தால் கார்புரேட்டரை விட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ள ஒரு கோடைக்காலம் முழுவதும் செலவானது. என் கார் மெல்ல மிதித்தால் திணறியது. முழுக்க மிதித்தால் திணறவில்லை. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவினேன், காயிலை மாற்றினேன், பெட்ரோல் பம்பையும் மாற்றினேன். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் போகும் ஒரு விரல்நீள வயர், உறை கிழியாமல் உள்ளே இழைகள் அறுந்து கிடந்தது. மெல்ல மிதிக்கும்போது வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறியை முன்கூட்டியே விழச் செய்யும் பகுதி) பாயின்ட் தட்டை நகர்த்தும், அந்த நகர்வில் வயர் விலகும். முழுக்க மிதித்தால் வேக்குவம் விழுந்துவிடுவதால் தட்டு பழைய இடத்துக்குத் திரும்ப, வயர் மறுபடி தொடும். ‘மெல்ல மிதித்தால் மட்டும்’ என்று குறிப்பேட்டில் முதல் நாளே எழுதியிருந்தேன். எழுதியதைப் படிக்கத்தான் தவறினேன்.

ஆகவே மூடியைக் கழற்றி, வேக்குவம் அட்வான்ஸ் குழாயை வாயால் உறிஞ்ச வேண்டும். தட்டு நகர்ந்து, நாக்கால் குழாயை அடைத்திருக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் உள்ளேயிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. இரண்டு திருகுகளை எடுத்து ரோட்டாரைக் கழற்றினால் கீழே எடைகளும் சிறு ஸ்பிரிங்குகளும் தெரியும். அங்கே பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தால் வேகத்துக்கேற்ற அட்வான்ஸ் வராது. பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டால் நிமிடத்துக்கு 3000 சுற்றில் பார்க்கும்போது மொத்த அட்வான்ஸ் 34 முதல் 36 டிகிரிக்குள் இருந்தால் இந்த எஞ்சின் மகிழ்ச்சியாக ஓடும்.

டைமிங் லைட் சொல்வதை நம்புவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கிராங்க் முனையிலுள்ள பேலன்சரின் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது. ரப்பர் முதுமையடைந்தால் வளையம் நழுவி, அதன்மேலுள்ள கோடும் இடம் மாறிவிடும். டிகிரி சரியாக இருந்தும் எஞ்சின் மந்தமாக ஓடினால், 1ஆம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைப் பொருத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின் கிராங்கைக் கையால் இரு திசையிலும் மெல்லத் திருப்பி, தடைப்படும் இரண்டு இடங்களுக்கு நடுவே உண்மையான உச்சி எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையில் ஒரு நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு மூச்சிழந்தால் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரின் நுழைவாய் நட்டுக்குள்ளே சிறு ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதைக் கழற்றும்போது குழாய் நட்டுக்கு ஒரு ஸ்பேனரும் பெரிய நட்டுக்கு இன்னொன்றும் பிடிக்க வேண்டும். மென்மையான கார்புரேட்டர் உடலிலுள்ள மறைகள் ஒருமுறை கழன்றால் மீட்பது கடினம். பெட்ரோல் டாங்குக்கு அருகிலுள்ள ரப்பர் ஹோஸ் மென்மையாகி உறிஞ்சலில் தட்டையாவதும் இதே அறிகுறியைத் தரும்.

சூடேறுதல்

எப்போது சூடேறுகிறது என்பதே இங்கு எல்லாம். போக்குவரத்து நெரிசலில் ஏறி, வேகமெடுத்தால் இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது: ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள காற்றுக் கூடு) இல்லாமை, தளர்ந்த ஃபேன் கிளட்ச், பின்தங்கிய டைமிங், செயலற்ற வேக்குவம் அட்வான்ஸ். சூடான எஞ்சினை நிறுத்தி, ஃபேனைக் கையால் சுழற்றினால் அது தடையோடு நகர வேண்டும். காற்றாடிபோல் பல சுற்று சுழன்றால் கிளட்ச் போய்விட்டது. நெரிசலில் சும்மா இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் குறை நீரோட்டத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம்; அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகலாம். பானட்டைத் திறந்து ஒருவரை எஞ்சினை முடுக்கச் சொல்லிக் கீழ் ஹோஸைக் கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும். அது சப்பையானால், உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி துருப்பிடித்து மறைந்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டை அடுப்பில் ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு வெப்பமானியோடு சோதிக்கலாம். 195 ஃபாரன்ஹீட் வகை ஏறத்தாழ 90 செல்சியஸிலும், 180 வகை 82இலும் திறக்கத் தொடங்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 21 செல்சியஸ் உயர்த்துகிறது. எனவே பழைய மூடியை மாற்றுவது மலிவான மருத்துவம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. குளிர்ந்த எஞ்சினை மூடியின்றி ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழிகள் வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

சாவியை எடுத்தும் எஞ்சின் தொடர்ந்து இருமினால் ஐட்லிங் வேகம் அதிகமாக இருக்கிறது அல்லது எஞ்சின் அளவுக்குமீறிச் சூடேறியிருக்கிறது. வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் தீரும்.

புகையும் ஒலியும்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சற்று நேரம் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல்கள் இறுகியிருக்கின்றன. ஆயிலைப் பார்த்துக்கொண்டே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். கறும்புகை பெட்ரோல் மிகுதி: சோக் மூடியே நிற்கிறதா, மிதவை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஓயாத வெண்புகையும் இனிப்பு மணமும் கூலன்ட் எரிவதைக் காட்டும்.

வால்வு மூடிக்குள் தட்டொலி தொடர்ந்து வலுத்து, ஒரு வால்வு முன்போல் திறக்காததும் தெரிந்தால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தேய்கிறது. இந்த எஞ்சினின் லிஃப்டர்கள் கேமின் மேல் உராய்ந்து நகர்பவை. துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் அவற்றைக் காக்கிறது. இன்றைய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில், எக்ஸாஸ்ட் புகையைத் தூய்மையாக்கும் வினைவேக மாற்றியைக் காப்பதற்காக அந்தச் சேர்மானம் குறைக்கப்பட்டிருப்பதால், பழைய எஞ்சின்களுக்கென்றே விற்கும் ஆயிலை வாங்க வேண்டும்.

எஞ்சினின் முன்பக்க ஓசையும், டைமிங் லைட்டில் கோடு நிலைகொள்ளாமல் ஆடுவதும் சேர்ந்து வந்தால் டைமிங் செயினை ஆராய வேண்டும். 1960களின் நடுவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் பல வி8 எஞ்சின்களின் கேம் பல்சக்கரத்தில், ஓசை குறைய வேண்டி, அலுமினியத்தின் மேல் நைலான் பற்களை வார்த்தது. அந்த நைலான் சூட்டில் நொறுங்கித் துண்டுகளாக ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்கை வலஞ்சுழியாகத் திருப்பி நிறுத்தி, பிறகு எதிர்த்திசையில் ரோட்டார் அசையத் தொடங்கும்வரை திருப்ப வேண்டும். பேலன்சரில் 10 டிகிரிக்கு மேல் கடந்தால் செயினையும் சக்கரங்களையும் முழு இரும்புத் தொகுதியாக மாற்றி, ஆயில் பானையும் இறக்கிச் சல்லடையைத் துப்புரவாக்க வேண்டும்.

சார்ஜ் ஏறவில்லை

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெல்ட்டையும் எர்த் இணைப்புகளையும் பார்த்த பின், ஆல்டர்னேட்டரின் இரட்டை வயர் இணைப்பைக் கழற்றி, அதன் ‘எஃப்’ முனையைப் பேட்டரி முனையோடு சில நொடிகள் மட்டும் இணைத்துப் பார்க்கலாம். வோல்ட் ஏறினால் ஆல்டர்னேட்டர் நலம், தனியாகப் பொருத்தப்பட்டுள்ள ரெகுலேட்டரே பழுது.

பிரேக்

மற்றவற்றில் தவறினால் கார் நிற்கும். இதில் தவறினால் நிற்காது. காரை உயர்த்தும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளில் இறக்கி வைக்க வேண்டும். கான்கிரீட் கட்டைகள் நொறுங்கும். பழைய பிரேக் கட்டைகளின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும்.

பெடல் பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. காலை அழுத்தியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரைநோக்கி இறங்கி, வெளியே எங்கும் கசிவு தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிகிறது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனியாக இரட்டைச் சுற்று இருக்கிறதே என்று அதோடு ஓட்டக் கூடாது. கார் ஒரு பக்கம் இழுத்து, பெடலை விட்ட பிறகும் அந்தச் சக்கரம் சூடாகவே இருந்தால், முன்சக்கரத்து ரப்பர் ஹோஸின் உட்சுவர் வீங்கி, போன திரவத்தைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும். வெளியிலிருந்து பார்க்க அது புதிதுபோலவே தோன்றும். மூன்று ஹோஸ்களையும் ஒரே நாளில் மாற்றி, டாட் 3 வகைப் பிரேக் திரவத்தை ஊற்றி, சிலிகோன் வகையான டாட் 5ஐ அதோடு கலக்காமல், வலப் பின்சக்கரம், இடப் பின்சக்கரம், வல முன்சக்கரம், இட முன்சக்கரம் என்ற வரிசையில் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் முழு பலத்தோடு அழுத்தியிருந்து, அது இறங்கவில்லை என்று கண்ட பின் வீட்டு வாசல் பாதையிலேயே நடை வேகத்தில் நான்கைந்து முறை நிறுத்திப் பார்த்த பிறகுதான் தெருவுக்கு இறக்க வேண்டும்.